களிம்பு

பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
பிசாங் கோரேங் பொரிக்கும் ஜலேஹா அக்காவிடம்
வாரம் இரண்டு டின் கறுத்த எண்ணெய்.
காசு வேண்டாம் என்பார்.
என் பள்ளி வேனில் அவர் மகளுக்கு
ஜன்னலோர இடம், அவ்வளவுதான்.

குணசீலன் என் கணவரின் தம்பி.
செம்பனை ஆலையின் சோதனை அறையில் வேலை.
சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்ப்பான்,
இளஞ்சிவப்பு கலையாமல் நின்றால் கணக்கு எழுதுவான்.
மெத்தனாலும் காரமும் அவன் கைக்கு மட்டும்.
"அண்ணி, காற்றுக்கு முதுகு காட்டாதீங்க,
அடுப்பு கிட்ட வரக்கூடாது, கையுறை எங்கே?"
உயிர்மேல் இத்தனை ஆசையுள்ள ஆள்
கல்யாணம் என்றால் மட்டும் பேச்சை மாற்றுவான்.

மறுநாள் காலை பீப்பாயில்
அடியில் கருப்பட்டிப் பாகு, மேலே தேன்.
பாகை வடித்தோம்.
தேனை நான்கு தண்ணீரில் கழுவினோம்,
அரிசி கழுவுவதுபோல், தெளியும்வரை.
லிட்டர் ஒரு வெள்ளிக்கும் கீழே வந்தது.
சிங்கப்பூரிலிருந்து கணவர் போனில் கேட்டார்:
"ஏன், பகாவில் எண்ணெய் நிலையத்தை மூடிட்டாங்களா?"

சூடாக்க ஒரு சுருள்குழாய் வேண்டியிருந்தது.
பூன் ஹோக் பழைய இரும்புக் கடையில்
பிரித்துப் போட்ட ஏர்கோனிலிருந்து நான்தான் எடுத்தேன்.
செம்பு. புதுப்பெண் வளையல்போல் மின்னியது.
சேமிக்க, நாகம் பூசிய தொட்டி.
திருகுகள் பித்தளை.
துருப்பிடிக்காது என்று நான் நம்பியதெல்லாம்
வரிசையாகக் கொண்டுவந்து வைத்தேன்.

ஏழாவது திங்கள், காலை ஆறு பத்து,
ரொம்பின் சாலையில் வேன் இரண்டு முறை இருமி
நின்றது.
இரண்டு பக்கமும் செம்பனை, இருட்டு,
உள்ளே பதினோரு பிள்ளைகள்.
ஒருவன் கணக்குப் பரீட்சை இனி நடக்காது என்று
சத்தமாகவே நன்றி சொன்னான்.

ஃபில்டரைக் கழற்றினேன்.
கஞ்சி உறைந்ததுபோல் ஒரு கரும்பசை.
பதினெட்டு வருட டீசல் அழுக்கு
டாங்கியின் சுவரோடு சுவராக இருந்தது,
யாருக்கும் தொந்தரவில்லாமல்.
என் சுத்தமான எண்ணெய் அதைச் சுரண்டி எடுத்து
தொண்டையில் கொண்டுபோய் வைத்துவிட்டது.

அதுமட்டும் இல்லை என்றான் குணசீலன்
அன்று மாலை, தொட்டிக்குள் டார்ச் அடித்து.
நாகத்தின் மேல் சோப்புபோல் வெள்ளை வழுக்கல்.
திருகின் மரையில் பச்சை.
சுருளை வெளியே இழுத்தபோது
நான் வாங்கிய செம்பைக் காணவில்லை.
"இது எண்ணெயைக் கெடுக்குது, அண்ணி,
எண்ணெய் இதைக் கெடுக்குது.
யார் முதலில்னு கேட்காதீங்க."

களிம்பு செம்போடு கூடப் பிறந்தது என்று
சிவராத்திரிச் சொற்பொழிவில் சொன்னார்கள்.
எனக்குத் தெரியாது.
என் செம்புக்கு ஆறு வாரம் பிடித்தது.

ரப்பர் குழாய் விரலில் பிசுபிசுத்து
ஊறிய அப்பளம்போல் வளைந்தது.
இந்த ஊரில் பால்மரத்தை வெட்டிவிட்டுத்தான்
செம்பனை நட்டார்கள்.
மிச்சமிருந்த இந்த ஒரு முழத்தையும்
அது விடவில்லை.

இப்போது தொட்டி எவர்சில்வர்.
குழாய்க்கு வேறு ஏதோ ரப்பர், பெயர் வாயில் நுழையவில்லை,
விலை மட்டும் நினைவிருக்கிறது.
இருக்கைக்கு அடியில் எப்போதும் இரண்டு ஃபில்டர்.
போட்ட பணம் திரும்ப
இன்னும் ஒன்பது மாதம் ஓட வேண்டும்.
இதைப் போனில் சொல்லவில்லை.

சுருளைத் தூக்கி எறியச் சொன்னான்.
விளக்குத் தேய்க்கும் புளியில் ஊறவைத்துத் தேய்த்தேன்,
நிமிர்த்தினேன், நான்கு சாண் வந்தது.
எண்ணெய் படாத இடமாகப் பார்த்து
ஜலேஹா அக்கா மகளின் ஜன்னலுக்கு
திரைக்கம்பியாக மாட்டியிருக்கிறேன்.

காலை வெயில் அதில் பட்டால்
அவள் கண்ணைச் சுருக்குகிறாள்.
பின்னால் வரும் மோட்டார்சைக்கிள்காரர்களுக்கு
வாழைப்பழம் பொரிக்கும் வாசம்.